ஜூபிலியை 'மெட்ராஸ்' ஆக்குவது எப்படி

பிரிட்டனின் எல்.எம்.எஸ். ரயில்வே 1934 முதல் 1936 வரை 191 ஜூபிலி வகை நீராவி இஞ்சின்களைக் கட்டியது. அவற்றில் நம்மூர்ப் பெயர் தாங்கியவை நிறைய. 5574 இந்தியா, 5575 மெட்ராஸ், 5576 பாம்பே, 5586 மைசூர், 5590 திருவிதாங்கூர். 'மெட்ராஸ்' மெட்ராஸுக்கு வந்ததே இல்லை. வந்திருந்தாலும் ராயபுரத்தில் நிறுத்தி வைத்து வேடிக்கை பார்த்திருக்கலாம், ஓட்டியிருக்க முடியாது. அங்கே தண்டவாள இடைவெளி 4 அடி 8½ அங்குலம்; இங்கே 1856-ல் முதல் ரயில் கிளம்பியதிலிருந்தே ஐந்தரை அடி.

மிஞ்சியிருக்கும் ஜூபிலிகள் நான்கு: கோலாப்பூர், பஹாமாஸ், லியாண்டர், கலாட்டியா. மெட்ராஸ் உடைத்து விற்கப்பட்டுவிட்டது. பெரம்பூர் பக்கம் உட்கார்ந்து ஓஓ அளவு மாடல் ரயில் சேகரிக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இஞ்சின் கிடையாது. கையில் கிடைத்த ஜூபிலி மாடலை மெட்ராஸாக மாற்றும் வேலை இது.

ஓஓ என்றால் ஓர் அடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76. தண்டவாளம் மட்டும் எச்ஓ என்ற இன்னும் சிறிய மாடல் அளவின் 16.5 மி.மீ. அந்த அளவுக்கு சரியாக வர வேண்டியது 18.83. முன்னால் நின்று பார்த்தால் சக்கரங்கள் ஒடுங்கித் தெரியும். பக்கவாட்டில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். நம் அகலப்பாதையை இதே அளவில் செய்தால் 22 மி.மீ. வரும், ஆகவே ராயபுரம் நிலையத்தை ஓஓ தண்டவாளத்தில் செய்யும் ஆசையை இப்போதே விட்டுவிடலாம்.

வாங்கும்போது: பிரிட்டன் கடைகளின் விலையில் 20 விழுக்காடு வாட் வரி அடக்கம். வெளிநாட்டுக்கு அனுப்பும் பல கடைகள் அதைக் கழித்துத் தரும். 180 பவுண்டு இஞ்சினுக்கு 36 குறையும் என்று நினைக்காதீர்கள்; 1.2-ஆல் வகுக்க வேண்டும், 150 ஆகும். நம் சுங்கத் தீர்வையையும் கூரியர் செலவையும் அதன்மேல் போட்டுப் பார்த்த பிறகு ஆர்டர் செய்யுங்கள். எனாமல் பெயின்ட், ஸ்பிரே எதுவும் விமானத்தில் ஏறாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு பயம் வேண்டாம், அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும்தான் வேறு.

1948-ல் பிரிட்டனின் ரயில்வேக்கள் 'பிரிட்டிஷ் ரயில்வேஸ்' என்று தேசியமயமானபோது எல்.எம்.எஸ். எண்களோடு 40000 கூட்டினார்கள். 5575 என்பது 45575 ஆனது. எனவே பச்சை நிற பிரிட்டிஷ் ரயில்வேஸ் காலத்து 45593 கோலாப்பூர் மாடல் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றினால் போதும். ஆனால் கேபின் எண் மாறினால் இஞ்சின் மாறிவிடாது. முதல் 113 ஜூபிலிகள், மெட்ராஸும் சேர்த்து, பாய்லர் மேல் டோம் என்ற குமிழ் இல்லாமல் வந்தவை; டோம் பின்னால் வந்த பாய்லர்களில்தான். இஞ்சினின் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரிலும், வடிவமைத்தவர் பெயரையும் தண்ணீர் அளவையும் வைத்து, மூன்று தினுசு: ஸ்டேனியர் 4000 காலன், ஸ்டேனியர் 3500, ஃபௌலர் 3500. பட்டறையில் அடிக்கடி மாற்றிப் பூட்டினார்கள். டெண்டரில் ஒற்றைச் சக்கரத்தின் மேல் சிங்கம் நிற்கும் சின்னம் 1949-லிருந்து, கிரீடத்துக்கு மேல் சிங்கம் எழும் சின்னம் 1956-லிருந்து. ஒரே ஒரு புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் தேதிக்கு மட்டும் கட்டுப்படுங்கள். இரண்டு படங்களைக் கலந்து செய்தால் எந்த நாளிலும் ஓடாத ஓர் இஞ்சின்தான் வரும்.

பழைய எண்ணை அழிக்க பித்தளை பாலிஷான பிராசோ போதும். பட்ஸின் நுனியில் தொட்டு, சுற்றிப் பிழிந்து, எண்ணின் மேல் மட்டும் மெல்லத் தேயுங்கள். அழுத்தினால் அடியிலுள்ள பச்சையும் கிளம்பும். முதலில் டெண்டரின் அடியில் ஒத்திகை பாருங்கள். அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் உருகும். பிராசோ விடும் பளபளப்பு ஒரு வசதிதான், டிரான்ஸ்ஃபர் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எண்) பளபளப்பின் மேல்தான் நன்றாக ஒட்டும். அதற்குமுன் ஈரத்துணியால் மிச்சத்தைத் துடைத்துக் காயவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபர் ஊறவைக்க குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் ஆகாது. காய்ந்ததும் எண்ணைச் சுற்றி வெள்ளை உப்புக் கோடு தெரியும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டர் வாங்குங்கள். ஆசிட் கலக்காத டிஸ்டில்டு வாட்டர்தானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணின் உயரம் அசலில் 8 அங்குலம் என்றால் மாடலில் 2.7 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. மீதி மூன்று இலக்கத்தின் அடிக்கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் உட்காரவைத்தால் சாயாது. புது எண்ணின் நிறமும் பழைய எண்ணின் நிறமும் பொருந்தாவிட்டால் ஐந்தையும் அழித்துப் புதிதாகப் போடுவதே நல்லது. கேபினின் இரு பக்கமும், முன்னால் ஸ்மோக்பாக்ஸ் என்ற புகைப்பெட்டியின் கதவிலும் எண் உண்டு. மூன்றாவதை மறந்துவிட்டவர்கள் நிறைய.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டிரான்ஸ்ஃபரை ஒருநாள் முழுக்கக் காயவிட வேண்டும். அந்த மாதங்களில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் காற்றின் ஈரத்தை இழுத்து வெள்ளையாகப் பூத்துவிடும். தை, மாசி நண்பகலில் அடியுங்கள், அல்லது தண்ணீர் கலக்கும் சாட்டின் வார்னிஷைத் தூரிகையால் தடவுங்கள்.

பெயர்ப்பலகை நடுச் சக்கரத்தின் வளைவுக் காப்பின் மேல் வரும். பித்தளைத் தகடுகளைக் கத்தரிக்கோலால் வெட்டினால் நெளியும். டைல்ஸ் துண்டின் மேல் வைத்து பிளேடால் அழுத்தி எடுங்கள். மெட்ராஸ் ஆங்கிலத்தில் 6 எழுத்து, கோலாப்பூர் 8. அதனால் புதுத் தகடு பழையதை மூடாது. அச்சிட்ட பெயரை முதலில் எடுத்துவிட வேண்டும். ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம். அது ஈரத்தில்தான் இறுகும், வடசென்னைக் கடல்காற்றில் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்ளும், அதன் ஆவி ஜன்னல் பிளாஸ்டிக்கில் வெண்புகையாகப் படியும். இரண்டு சொட்டு வார்னிஷ் போதும், நகர்த்திச் சரிசெய்ய நேரமும் கிடைக்கும்.

பெட்டியில் தனியாக வரும் குழாய்கள், பிரேக் கம்பிகள், சிலிண்டர் வடிகுழாய்களை எல்லாம் மாட்டிவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. 438 மி.மீ. ஆரமுள்ள வளைவில் ஓட்டுகிறவர்கள் வடிகுழாயை மாட்டினால் முன்பக்கச் சிறு சக்கரங்கள் அதில் இடித்துத் தடம் புரளும். காட்சிக்கு வைக்கும் இஞ்சினுக்கு எல்லாமே மாட்டலாம்.

டெண்டரில் நிலக்கரிக்கு இஸ்திரி வண்டிக் கரி எடுக்காதீர்கள். மரக்கரி மங்கலாக, நார்நாராக இருக்கும். அசல் நிலக்கரியை நொறுக்கி, 2-3 மி.மீ. துண்டுகளாகச் சலித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஒரு துளி பாத்திர சோப்பு விட்டு ஒட்டுங்கள்.

எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. தேங்காயெண்ணெய் பிசினாகி மோட்டாரைக் கட்டிப்போடும். தண்டவாளம் துடைக்க ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு கழுவ விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்.

பழைய இஞ்சின் வாங்கும்போது அடிச்சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். அது வார்க்கப்பட்ட துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்திருந்தால் வீங்கி விரியும், ஈரம் அதை விரைவுபடுத்தும், வைத்தியம் கிடையாது. பீரோவில் வைப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அந்துருண்டை மட்டும் கூடாது, அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.