எதிர்க்குறியில் வந்த துகள் எண்ணிக்கை

விரியும் பேரண்டம் வெற்றிடத்திலிருந்தே துகள்களை உண்டாக்கும் என்கிறது குவாண்டம் கோட்பாடு. எத்தனை துகள் என்பதைக் கணினியில் கணக்கிட மூன்று வாரம் மல்லுக்கட்டியபின் நேற்றிரவு திரையில் அந்த எண் வந்தது: 8.8 × 10⁻¹⁰. இயற்பியலாளர்கள் பெர்னார்டும் டங்கனும் 1977-இல் இதற்குத் தந்த சூத்திரத்தின் விடையும் அதுவே. எழுந்து நின்று கை தட்டினேன்.

மாதிரியும் அவர்களுடையதுதான். இடத்துக்கு ஒரே பரிமாணம். பேரண்டம் எத்தனை மடங்கு விரிந்தது என்பதைச் சொல்லும் அளவுக் காரணியின் வர்க்கம், S வடிவ டான்ஹெச் (tanh) வளைவில் 1-இலிருந்து 3-க்கு ஏறுகிறது. துகளின் நிறை 1, ஏற்றத்தின் விரைவு 1. அலையெண் (துகளின் உந்தத்தைக் குறிக்கும் எண்) 0-க்குத் துகள் எண்ணிக்கை 0.0015, அது முதல் நாளே கிடைத்துவிட்டது. பாடாய்ப் படுத்தியது அலையெண் 3.

முதலில் அலைச்சார்பையே, சமன்பாட்டைச் சிறுசிறு காலப்படிகளில் தீர்க்கும் நான்காம் வரிசை ரூங்கே-குட்டா முறையில் ஓட்டினேன். படிநீளம் 0.01, காலம் −20 முதல் 20 வரை. இறுதி ஆற்றலை அதிர்வெண்ணால் வகுத்து, வெற்றிடத்துக்கே உரிய அரையைக் கழித்தால் துகள் எண்ணிக்கை. வந்ததோ சுமார் −4 × 10⁻⁸! குறியைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று நான்கு நாள் தேடினேன். குற்றம் கழித்தலில் இருந்தது: அரைக்கு மிக நெருங்கிய எண்ணிலிருந்து அரையைக் கழிக்கும்போது சிறு பிழையும் விடையை விழுங்கிவிடும். ரூங்கே-குட்டா ஒவ்வோர் அடியிலும் வீச்சை இம்மியளவு தின்கிறது. அதிர்வெண்ணையும் படிநீளத்தையும் பெருக்கி, ஆறாம் அடுக்குக்கு உயர்த்தி, 144-ஆல் வகுத்தால் வரும் அளவு அது. 4000 அடிகளில் அது சேர்ந்து, நான் தேடிய எண்ணைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

பிறகு அலைச்சார்பை விட்டுவிட்டு, அலையில் நேர், எதிர் அதிர்வெண் பகுதிகளின் பங்கைச் சொல்லும் போகோலியுபோவ் கெழுக்களான ஆல்ஃபா, பீட்டா இரண்டுக்குமே நேரடியாகச் சமன்பாடு எழுதினேன். அலையின் கட்டத்தை (phase) மூன்றாவது மாறியாகச் சேர்த்தேன். பீட்டாவின் வர்க்கமே துகள் எண்ணிக்கை. பீட்டா பூஜ்யத்தில் தொடங்கி வளர்கிறது. எதையும் கழிக்க வேண்டாம். பைத்தான் நிரலகமான சைபையின் (SciPy) தானியங்கிப் படிநீளத்தை நாடுபவர்கள் பிழை வரம்பை மறக்காமல் இறுக்குங்கள். இயல்பாக இருக்கும் 10⁻³ இங்கே உதவாது.

வியப்பு வேறோர் இடத்தில் இருந்தது. ஏற்றத்தின் நடுவில் பீட்டாவின் வர்க்கம் 10⁻⁵ வரை திமில்போல எழும்பி, பத்தாயிரம் மடங்குக்கு மேல் சரிந்து 10⁻¹⁰ பக்கம் அமர்கிறது. பேரண்டம் விரிந்துகொண்டிருக்கும்போது ‘எத்தனை துகள்’ என்று கேட்பதில் பொருளில்லை என்பதைப் படித்திருக்கிறேன். அந்தத் திமிலைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது.

அலையெண் 6-க்கு விடை 4 × 10⁻¹⁸ வர வேண்டும். அதற்குப் படிநீளத்தை இன்னும் குறைக்க வேண்டும், வரைபடமும் பாக்கி. மனமோ அதற்குள் அடுத்த மாதிரிக்கு, வெற்றிடத்தில் நகர்ந்தே துகள்களை உண்டாக்கும் கண்ணாடிக்குத் தாவிவிட்டது. ஒளிவேகத்தை நோக்கி அடுக்குக்குறி வளைவில் விரையும் கண்ணாடி, ஹாக்கிங் 1974-இல் கருந்துளைக்குச் சொன்ன அதே வெப்பப் பரவலைத் தருகிறது. சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு அந்த வெப்பநிலை 6 × 10⁻⁸ கெல்வின்தான். கண்ணாடியின் பாதையை எழுதத் தொடங்கிவிட்டேன்.