மூன்று மணி நேரப் பிரெஞ்சுக் காதல்

மார்செல் கார்னேயின் ‘லெசான்ஃபான் டு பாரடி’ (1945) என்ற பிரெஞ்சுப் படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நண்பர்களைக் கூட்டிப் பார்ப்பதென்றால் மாலை 6 மணிக்கே தொடங்குங்கள். இல்லையேல் கடைசி ரயிலைப் பிடிக்கப் பாதியில் எழுந்துவிடுவார்கள். படம் இரண்டு பாகம், சாப்பாட்டை நடுவில் வையுங்கள். இடையே கதையில் சில ஆண்டுகள் கடந்துவிடும், முன்பே சொல்லிவிடுங்கள்.

டிவியில் படத்தை அகலமாக இழுக்கும் அமைப்பை நிறுத்துங்கள். இந்தப் படத்தின் அகல உயர விகிதம் கிட்டத்தட்ட 4:3. இழுத்தால் ஊமைக்கூத்துக் கலைஞன் பாப்டிஸ்டாக வரும் ழான் லூயி பரோவின் மெலிந்த உடல் பருத்து, ஊமை நடிப்பின் அழகே கெடும். கதாநாயகி கரான்ஸ் மீது விழுந்த திருட்டுப் பழியை பாப்டிஸ்ட் பேசாமல் நடித்தே துடைக்கிறான். அங்கே சப்டைட்டிலைத் தேடாதீர்கள், கைகளைப் பாருங்கள்.

இரண்டாம் பாகத்தில் பாப்டிஸ்டின் மனைவி நதாலியைக் கவனியுங்கள். கணவன் மனம் கரான்ஸிடம் இருக்க, எனக்கு அவள் வலிதான் பெரிது.