இரண்டாம் பதிப்பு: பாதி வெற்றி கடைசியில் பிடிபட்டது

எங்கள் கதாபாத்திர ஆட்டம் (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டும் மேசை ஆட்டம்) நேற்று மூன்றரை மணி நேரம் ஓடியது. ஒருவர்கூட விதிப்புத்தகத்தைப் புரட்டவில்லை. ஏழு மாதங்களாக இரண்டாம் பதிப்பை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கும் எனக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. எங்கள் ஆட்டத்துக்குள் 'பாதி வெற்றி' ஒருவழியாகக் குடியேறிவிட்டது. நான்காவது முயற்சி!

முதல் பதிப்பில் ஒரே ஓர் இருபதுமுகப் பகடை, அதோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி எட்ட வேண்டிய ஓர் இலக்கு எண், அவ்வளவுதான். பூட்டைத் திறக்க முயன்று தோற்றால் ஒன்றுமே நடக்காது, அடுத்தவர் உருட்டுவார். 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்தில் இந்த வறட்சி கிடையாது. இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் காரியம் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். அந்த நடுப்பகுதிதான், அதாவது பாதி வெற்றிதான், எனக்கு வேண்டியிருந்தது.

இலக்குக்கு ஐந்து எண் வரை குறைந்தால் பாதி வெற்றி என்று முதலில் எழுதினேன். ஒற்றைப் பகடையில் ஐந்து முகம் என்பது 25 சதவீதம்தான். மேசையில் அது எப்போதோ ஒருமுறை எட்டிப்பார்த்தது. எட்டாக விரித்தேன், 40 சதவீதம் ஆயிற்று. உடனே வேறு இடத்தில் கிழிந்தது: இலக்கு 12, திறன் +3 என்றால் 1 விழுந்தாலும் கூட்டுத்தொகை 4, அதுவும் பாதி வெற்றி. தோல்வியே இல்லாமல் போய்விட்டது. இரண்டு ஆறுமுகப் பகடைகளில் திறன் 0 என்றால் நடுப்பகுதி 41.7 சதவீதம், +1க்கு 44.4, +2க்கு மறுபடியும் 41.7. அங்கே எண்கள் நடுவில் குன்றாகக் குவிகின்றன. ஒற்றைப் பகடையோ கட்டாந்தரை. குன்றில் விளைந்ததை அப்படியே பெயர்த்து வந்து தரையில் நட்டால் எப்படி வேர் பிடிக்கும்?

ஆறுமுகப் பகடைகளுக்கே மாறிவிடலாம் என்றும் பார்த்தேன். எங்கள் திறன் எண்கள் +7 வரை போகின்றன. குறைந்தபட்சமே 9 வந்துவிடுகிறது, தோல்விக்கு இடமேயில்லை. ஒரே வாரத்தில் கைவிட்டேன்.

வழி காட்டியது 2018இல் வந்த அயர்ன்ஸ்வார்ன். அதில் உங்கள் கூட்டுத்தொகையை இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும்: இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் என்றால் பாதி, இல்லையேல் தோல்வி. நான் அதைத் தலைகீழாக்கினேன். இலக்கு ஒன்றே, இருபதுமுகப் பகடைகள் இரண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள செயலில் 25, 50, 25 என்று பிரிகிறது. 70 சதவீத வாய்ப்புள்ளவருக்கு முழு வெற்றி 49, பாதி 42, தோல்வி 9. குன்று கிடைத்துவிட்டது, முதல் பதிப்பின் இலக்கு எண்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. இந்தக் கணக்கை எழுதி முடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அட்வான்டேஜ் விதி (சாதகமான நிலையில் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. இனி அதற்கு மூன்று பகடை, சிறந்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம். 20 விழுந்தால் அபார வெற்றி என்ற பழைய விதிதான் இடித்தது, இரண்டில் ஏதாவது ஒன்றில் 20 விழும் வாய்ப்பு 9.75 சதவீதம். அதை எடுத்துவிட்டு, இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் அபாரம் அல்லது பேரிடர் என்று வைத்தேன். மூன்று பகடை உருட்டும்போது எடுத்துக்கொண்ட இரண்டை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு பகடைகளில் அபாரமும் பேரிடரும் சேர்ந்து சரியாக 5 சதவீதம், ஒற்றைப் பகடையில் 20 விழும் பழைய அளவேதான்.

ஆனால் பாதி வெற்றி இத்தனை முறை விழுந்தால் ஆட்டம் நடத்துபவர் ஒவ்வொரு முறையும் ஒரு விலையைக் கற்பனை செய்தாக வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் வறண்டுபோகிறோம். பிளேட்ஸ் இன் த டார்க்கின் கடிகாரங்கள் இங்கே கைகொடுத்தன: ஒரு வட்டம், நான்கு, ஆறு அல்லது எட்டுக் கூறுகள். விலை தோன்றாதபோது 'காவலர் விழிப்பு' வட்டத்தில் ஒரு கூறை நிரப்பினால் போதும், வட்டம் நிறைந்தால் காவலர் விழித்துக்கொள்வார்கள்.

பகடை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் இணையக் கடையிலிருந்து கண்ணாடி போன்ற பகடைகளை வரவழைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் எண்ணே தெரியவில்லை. இரண்டு மூன்றை ஒரே பார்வையில் படிக்க வேண்டிய ஆட்டத்துக்கு அடர்நிறப் பகடையில் வெள்ளை எண்தான் சரி.

கடன் வாங்கிய ஆட்டங்களின் பெயர்களெல்லாம் முதல் பக்கத்திலேயே வரும். அமெரிக்கச் சட்டப்படி விதியின் இயங்குமுறைக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய வாசகத்துக்குத்தான் உண்டு. ஆகவே ஒவ்வொரு விதியையும் என் சொற்களிலேயே எழுதுகிறேன். பெயர் சொல்வது மரியாதைக்காக.

சண்டை அத்தியாயம் இன்னும் பாதியில் நிற்கிறது. வாள் வீசுபவருக்குப் பாதி வெற்றி என்றால் தானும் ஓர் அடி வாங்குவார். தொலைவில் நிற்கும் வில்லாளிக்கு என்ன விலை? த பிளாக் ஹேக் ஆட்டத்தில் கைப்பொருள் எப்போது தீரும் என்று காட்டும் தேய்மானப் பகடை மேல் கண் வைத்திருக்கிறேன்: 1 அல்லது 2 விழுந்தால் அடுத்த சிறிய பகடைக்கு இறங்க வேண்டும், நான்குமுகத்திலும் அப்படி விழுந்தால் பொருள் தீர்ந்தது. எட்டுமுகத்தில் தொடங்கினால் சராசரியாக 9 உருட்டு தாங்கும். பாதி வெற்றியின்போது மட்டும் அம்புக்கு அதை உருட்டினால், பாதிக்குப் பாதி வாய்ப்புள்ளவரின் அம்பறாத்தூணி ஏறக்குறைய 18 எய்தலுக்கு வரும். முதல் பதிப்பில் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த அம்புகள் 20. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வில்லாளிகள் இருவர் இருக்கிறார்கள்.