வீட்டுக்குப் பின்னால் ஒரு பார்

"வீட்டுக்குப் பின்னாடி பார் கட்டுறோம்" என்று போனில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கிருஷ்ணகிரியில் பார் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவா வேண்டும்? "உயரமான மேசைம்மா, சாயங்காலம் உட்கார்ந்து டீ குடிக்க" என்று சமாளித்தேன். பாதி உண்மை.

கல்யாணமாகி மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. ஈப்போவுக்கு வடக்கே, ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களுக்கு நடுவே உள்ள பட்டணம். இங்கே காலையில் பார்த்தால் "பசியாறியாச்சா?"தான். காரைக் காடி என்பார்கள். நம்மூரில் காடி என்றால் வினிகர். வந்த புதிதில் "காடியக் கழுவணும்" என்று மாமா சொன்னபோது ஊறுகாய் ஜாடியைத் தேடியவன் நான்.

மாமா, அதாவது மனைவியின் அப்பா, பால்மரம் வெட்டியவர்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. இடித்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த செங்கால் கட்டைகளில்தான் பாருக்குச் சட்டம் போட்டார். இரும்பு மாதிரி மரம். ஆணி வளைந்ததே தவிர இறங்கவில்லை. மேலே கல் வேண்டும் என்பது என் ஆசை. ஈப்போப் பளிங்கு பக்கத்திலேயே கிடைக்கும்தான். ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் மெருகு போய்த் தடம் விழும். எங்கள் வீட்டிலோ எலுமிச்சை இல்லாத நாளே கிடையாது. கறுப்பு கிரானைட் எடுத்தோம். "இந்தியாக் கல்லு" என்றார் தவுக்கே, அதாவது கடை முதலாளி. எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் எங்கள் ரோட்டில் கறுப்புக் கல் ஏற்றிப் போன லாரிகளை நினைத்துக்கொண்டு, பர்கூர் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆறடிக்கு இரண்டடி, 20 மில்லிமீட்டர் கனம். 60 கிலோவுக்கு மேல் வரும். அடியில் துளை போட்டு போல்ட்டால் முடுக்கிவிடலாம் என்று நான் டிரில்லை எடுத்தேன். மாமா கையைப் பிடித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். கல்லு அசையாது. முடுக்குனீங்கன்னா கல்லுதான் வெடிக்கும்."

சரி என்று டிரில்லை வைத்தேன். சட்டத்தின் மேல் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை அறைந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை 4 மில்லிமீட்டர் தாழ்வு. அந்தக் காலுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்யவே ஒரு சாயங்காலம் போயிற்று. பள்ளத்தின் மேல் கல்லை வைத்தால், யாராவது முழங்கையை ஊன்றும்போது விரிசல் விடும். அப்புறம் கல்லை ஒட்ட சிலிகோன் பசை. நான் வாங்கி வந்ததில் காடி வாடை அடித்தது (இது நம்மூர்க் காடி). அது பளிங்குக்கு ஆகவே ஆகாது. கிரானைட்டுக்கும் எதற்கு வம்பு என்று, கல்லில் கறை பிடிக்காத வேறு வகையை மாற்றி வாங்கினோம். முழுக்கத் தடவவில்லை. ஜாணுக்கு ஒன்றாக, ஐம்பது காசு அகலத்துக்குப் பொட்டுப் பொட்டாக வைத்தோம். காய்ந்தாலும் ரப்பர் மாதிரி கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். மரம் அசைந்தால் கல்லை இழுக்காது.

பக்கத்து வீட்டு அண்ணன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நாலு பேராகக் கல்லைக் கதவு மாதிரி நிமிர்த்தியே தூக்கி வந்தோம். படுக்கப் போட்டுத் தூக்கினால் தன் கனத்திலேயே நடுவில் ஒடியும். முன்பக்கம் ஆறு அங்குலம் வெளியே நீட்டி இறக்கினோம். அந்த விளிம்புக்கு அடியில் ஒரு காடி, ஐயையோ, மூன்றாவது காடி, இது நீளப் பள்ளம், வெட்டித் தரச் சொல்லியிருந்தேன். மழைத்தண்ணீர் அடிப்பக்கமாக ஓடி மரத்தை நனைக்காமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஒரு நாள் முழுக்க யாரும் தொடக்கூடாது என்றார் மாமா. மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகக் கோப்பியோடு போய் உட்கார்ந்தவரும் அவர்தான்.

அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "சப்பாத்தி தேய்க்க நல்லா இருக்கும்" என்றார். மூலையில் இருந்த பாட்டிலை நகர்த்திவிட்டுத்தான் எடுத்திருந்தேன்.