பிழையைச் சொல்லும் முன்பே விழும் கர்னல்: ஒரு பேட்ச் பரிசீலனைக் குறிப்புகள்

2025 மார்ச் 4, செவ்வாய். காரைக்குடி

தேவகோட்டைத் தம்பி ஒருவர் எழுதிய லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேட்ச், அதாவது நிரல் திருத்தம், இன்று என் பார்வைக்கு வந்தது. ஒரு சென்சார் டிரைவர், ப்ரோப்பின் (சாதனத்தை இயக்கத்துக்குத் தயார்செய்யும் செயல்பாடு) தொடக்கத்தில் கிளாக் (சாதனத்துக்கான கடிகாரத் துடிப்பு) கிடைக்காதபோது, அந்தப் பிழையை லாகில் எழுதப்போய் ஓப்ஸில் (கர்னலுக்குள் நேரும் கடும் பிழை) விழுகிறது. லாக் எழுதும் துணைச் செயல்பாடு டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்ட்சரை (தரவுத் தொகுப்பு) டிவைஸிடமிருந்து எடுத்து, அதற்குள் இருக்கும் டிவைஸ் பாயிண்டரை (நினைவக முகவரி) படிக்கிறது. அந்த ஸ்ட்ரக்ட்சரை டிவைஸோடு இணைக்கும் வரியோ ப்ரோப்பின் கடைசியில் இருக்கிறது. கர்னலோடு சேர்த்தே கட்டப்பட்ட டிரைவர் என்பதால், பூட்டின்போது முதல் ப்ரோப் 1ஆம் எண் ப்ராசஸிலேயே ஓடுகிறது. அங்கே ஓப்ஸ் விழுந்தால் இயந்திரம் எழுவதே இல்லை.

தம்பியின் தீர்வு ஒரே வரி: ஸ்ட்ரக்ட்சரின் பாயிண்டர் நல் (வெற்று) என்றால் திரும்பிவிடு.

மார்ச் 5, புதன்

அந்த ஒரு வரியை நான் ஏற்கவில்லை. விழுவது நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் கிளாக் கிடைக்கவில்லை என்ற செய்தியும் அதோடு காணாமல் போகிறது, போர்டை முதன்முதலில் இயக்கிப் பார்ப்பவருக்குத் தேவைப்படுவதோ அந்தச் செய்திதான். தம்பி தொலைபேசியில், "அண்ணே, ஸ்ட்ரக்ட்சரே இல்லாதபோது யார் பெயரில் எழுதுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்து வட்டிக்கடைகளில் பேரேட்டில் கணக்குத் திறக்காதவரின் வரவையும் அன்றன்றே குறிப்பில் எழுதிவிடுவார்கள் என்பதைச் சொல்லி, ப்ரோப்பை அழைக்கும் முன்பே டிவைஸை கர்னல் உருவாக்கிவிடுகிறது, ஆகவே துணைச் செயல்பாட்டுக்கு அந்த டிவைஸ் பாயிண்டரையே நேரடியாகக் கொடுங்கள் என்றேன்.

ப்ரோப்புக்குள் இருக்கும் பிழைகளுக்கு, கர்னலின் 5.9 பதிப்பில் வந்த டெவ்_எர்_ப்ரோப் என்ற செயல்பாடு இன்னும் பொருத்தமானது. கிளாக் தரும் டிரைவர் இன்னும் வராததால் -517 (பிறகு மீண்டும் முயல வேண்டும் என்னும் பிழை எண்) கிடைத்தால், அது லாகைப் பிழைச்செய்திகளால் நிரப்பாமல், காத்திருப்பதன் காரணத்தை டிபக்எஃப்எஸ்ஸில் (பிழை தேடுவோருக்கான கர்னல் கோப்பமைப்பு) படிக்கும்படி சேமித்து வைக்கிறது.

மார்ச் 8, சனி

இரண்டாம் பதிப்பு வந்தது. டிவைஸ் ட்ரீயிலிருந்து (போர்டின் வன்பொருள் விவரப் பட்டியல்) கிளாக் வரியை நீக்கி, கியூஎம்யு என்ற மெய்நிகர் இயந்திரத்தில் பூட் செய்தேன். டிவைஸின் பெயரோடு -2 என்ற பிழை எண் (கேட்டது இல்லை என்று பொருள்) சீரியல் கன்சோலில் தெளிவாக வந்தது, பூட்டும் தடையின்றித் தொடர்ந்தது.

இருந்தாலும் இன்டரப்ட் ஹேண்ட்லர், அதாவது சாதனம் அனுப்பும் குறுக்கீட்டைக் கவனிக்கும் செயல்பாடு, உறுத்தியது. ஸ்ட்ரக்ட்சரை இணைப்பதற்கு முன்பே இன்டரப்டைக் கேட்டுப் பெறுகிறார்கள். பெற்ற மறுகணமே அது அடிக்கலாம், அடித்தால் ஹேண்ட்லருக்கும் அதே நல் பாயிண்டர்தான் கிடைக்கும். சென்சார் பெரும்பாலும் அமைதியாக இருப்பதால் இது சோதனையில் அகப்படாது, வரிகளின் வரிசையைப் படித்தால்தான் புலப்படும். ஒதுக்கீடு முடிந்த உடனே இணைக்கும் வரி வரட்டும், இன்டரப்ட் அதற்குப் பிறகு என்று எழுதினேன். இது தனிக் குறை என்பதால் தனி பேட்சாகவே கேட்டேன். பழைய பதிப்புகளுக்கு ஒன்றை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டியிருப்பவருக்கு அது உதவும்.

மார்ச் 10, திங்கள்

இரண்டு பேட்சுகளும் சரியாக இருக்கின்றன. குறையைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் (பதிவான மாற்றம்) 12 எழுத்து அடையாளம், எதைத் திருத்துகிறது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரியில் இருக்கிறது, ஓப்ஸின் தேவையான பகுதி மட்டும் விளக்கத்தில் நிற்கிறது. பரிசீலித்து ஏற்றதற்கு அடையாளமான ரிவ்யூட்-பை வரியைக் கொடுத்துவிட்டேன். இதே துணைச் செயல்பாட்டை நகலெடுத்த இன்னொரு டிரைவரும் அதே கோப்புறையில் இருக்கிறது; அதைத் தம்பியே திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.