ஆச்சியின் ரேந்தையோடு இடையன்குடிக்கு

திசையன்விளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பல்லில் மண் கடிபட்டது. ஆனி மாதக் கடைசி. தேரிக்காட்டுக் காற்றை வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. செம்மண் பறந்து வந்து காதில், மூக்கில், சோற்றுத் தூக்கில், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்ளும். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கையிலிருந்த துணிப்பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

பைக்குள் இருந்தது ஆச்சி பின்னிய ரேந்தை, நூலால் பின்னுகிற லேஸ். இரண்டு முழம் இருக்கும். இடையன்குடி கிறிஸ்தவக் கோயிலின் ஆல்டர் (பலிபீடம்) துணிக்கு ஓரமாகத் தைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு ஆரம்பித்தது. பாதி தாண்டுவதற்குள் கண் மங்கிவிட்டது. நூல் சுற்றிய மரக்குச்சிகள் இன்னும் அதன் முனையில் தொங்கிக்கொண்டிருக்கின்றன, ஒரு கைக்குட்டையில் கட்டியபடி. ஆச்சி போய்ப் பதினோரு வருஷமாகிறது. பீரோவைச் சுத்தம் செய்த ஒரு நாள் அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "முடிச்சாலும் முடிக்காட்டாலும் இது அந்தக் கோயிலுக்குள்ளது. கொண்டு சேர்க்கணும்" என்றாள். சித்தியும் கூடக் கிளம்பினாள். சித்திக்கு உவரி அந்தோணியார் கோயிலையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். நாங்கள் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைதான், உவரி கத்தோலிக்கக் கோயில், ஆனாலும் உவரிக்குப் போகாமல் சித்தியால் இருக்க முடியாது.

நான் வேறு ஒரு காரணத்துக்காகப் போனேன். கால்டுவெல் என்றால் எல்லோருக்கும் 1856-இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தெரியும். சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலை தெரியும். அந்தச் சிலையைத் தாண்டித்தான் பல வருஷம் நான் வேலைக்குப் போய்வந்தேன். இடையன்குடியில் மிஷனரியாக இருந்த அவர் வீட்டில் இன்னொருவர், அவர் மனைவி எலைசா, இருந்தார் என்பது ஆச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆச்சி ஒரு நாளும் "கால்டுவெல் ஐயர்" (எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம்) என்று பேச்சைத் தொடங்கியதில்லை. "எலைசா அம்மா கொண்டாந்த வேலை இது" என்றுதான் குச்சியைக் கையில் எடுப்பாள்.

ஆட்டோ ஊருக்குள் நுழைந்ததும் தெருக்கள் நேராக ஓடுவதைக் கவனித்தேன். சுற்றுவட்டாரத்து ஊர்களில் தெரு என்பது வீடுகள் விட்டுவைத்த இடம். இங்கே தெருவை முதலில் போட்டுவிட்டு வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். அது கால்டுவெல் ஐயர் வேலை.

கோயில் திடீரென்று வந்து நிற்கிறது. பனையைத் தவிர வேறு எதுவும் உயரமாக இல்லாத மண்ணில் கூர்மையான வளைவுகளும் நெடிய சன்னல்களுமாக ஒரு கோதிக் கட்டடம். 1847-இல் வேலை தொடங்கி 1880 ஜூலை 6-இல் பிரதிஷ்டை. முப்பத்துமூன்று வருஷம். தூய திரித்துவ ஆலயம் என்பது பெயர், ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "பெரிய கோயில்"தான். இப்படி ஒரு சன்னலைக் கண்டிராத கொத்தனார்களுக்கு ஐயரே களிமண்ணில் அச்சுப் பிடித்துக் காட்டினார் என்று சொல்வார்கள்.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில் குட்டியார் சாவியோடு வந்தார். அம்மாவைப் பார்த்து முதல் கேள்வி: "எந்தச் சேகரம்மா?" சேகரம் என்றால் ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள். அம்மா சொன்னாள். "அங்க யாரு வீடு?" அதையும் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் ஒரு உறவு கண்டுபிடிக்கப்பட்டது. நான்காவது கேள்விக்குள் சித்தி திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் கோயில் கதவு திறப்பதற்கு முன்னால் இது முடிந்தாக வேண்டும்.

உள்ளே போனதும் காற்றின் சத்தம் மட்டும் மேலே எங்கேயோ கேட்டது. தரை சில்லென்று இருந்தது. ஆல்டருக்கு அடியில் கால்டுவெல் ஐயர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1891 ஆகஸ்ட் 28-இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கேதான் கொண்டுவந்தார்கள். அம்மா முழங்காலில் நின்றாள். ஜெபம் முடியாது போலிருந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 1844-ஆம் வருஷத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்தில் இந்தக் கட்டடம் இல்லை, ஒப்பிலக்கணம் இல்லை, பிஷப் பட்டம் இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு குடும்பம் மட்டும் இருந்தது.

மாப்பிள்ளைக்கு முப்பது நிறையவில்லை. அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்து, 1838 ஜனவரியில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கியவர். 1841-இல் சென்னையிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றி நடந்தே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, அந்த வருஷக் கடைசியில் இடையன்குடியில் தங்கினார். சனங்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று நடந்தார். பல்லக்கில் வந்திருந்தால் ஒப்பிலக்கணம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

பெண் நாகர்கோவில்காரி. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். எலைசா மால்ட் 1822-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்பா சார்லஸ் மால்ட், அம்மா மார்த்தா, இரண்டு பேரும் லண்டன் மிஷன் ஊழியர்கள். ஊர்ப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்து, அந்தக் காசு அவர்கள் கையிலேயே சேரும்படி செய்தவர் மார்த்தா அம்மா. "வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரிக் குடும்பம்" என்று நாம் ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறோம். இந்த வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர்தான். இன்னொருவருக்கு இது அடுத்த சீமை. திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்தவர், அவ்வளவே. அவருக்கு இங்கிலாந்துதான் வெளிநாடு.

1844 மார்ச் 20-இல் நாகர்கோவிலில் கல்யாணம். பங்குனி மாதம். புது மணப்பெண் இடையன்குடிக்கு வந்த நாட்களில் ஊர் முழுக்கப் பதநீர் மணந்திருக்கும். அது பனையேற்றுக் காலம். ஆம்பளைகள் விடியுமுன்னே அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் அதே மரங்களில் இன்னொரு ஏற்றம். பொம்பளைகள் விடிலிக் குடிசையில் புகைக்குள் நின்று பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். பிள்ளைகள் சுள்ளி பொறுக்கப் போகும். அப்படிப்பட்ட காலத்தில் "பொம்பளைப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த வருஷமே எலைசா அம்மா பெண்பிள்ளைகளுக்கு போர்டிங் பள்ளி தொடங்கிவிட்டார். வீட்டிலிருந்து வந்தால் சுள்ளிக்கும் போக வேண்டியிருக்கும், தங்கிவிட்டால் போக வேண்டியதில்லை. போர்டிங் என்பதற்கு அந்தக் காரணமும் இருந்திருக்கும் என்று ஆச்சி சொல்வாள்.

அப்புறம் ஆனி, ஆடி. நாங்கள் வந்த இதே காற்று. ரேந்தை வேலைக்கு வெள்ளை நூல் அழுக்காகக்கூடாது. செம்மண் பறக்கிற ஊரில் வெள்ளை நூலை எப்படிக் காப்பாற்றினார்கள்? ஆச்சி பின்னும்போது பின்னி முடித்த பகுதியை உடனுக்குடன் துணியால் மூடிக்கொண்டே போவாள். உருளைத் தலையணையில் மாதிரித் தாளைச் சுற்றி, குண்டூசி குத்தி, குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போடுவாள். குச்சிகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் மழை தூறுகிற மாதிரி இருக்கும். காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கதவைச் சாத்திவிட்டு வேர்க்க வேர்க்கப் பின்னுவாள். 1844-இல் அந்தப் பிள்ளைகளும் அப்படித்தான் வேர்த்திருப்பார்கள்.

ஆவணிக்கு மேல் பதநீர் வற்றிவிடும். கையில் காசு வற்றுவதும் அப்போதுதான். ஐப்பசி மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பக்கத்தில் என்று சொன்னால் சாயர்புரத்தில் போப் ஐயர், மெஞ்ஞானபுரத்தில் தாமஸ் ஐயர். பக்கம் என்பது மாட்டுவண்டிக் கணக்கில். கடல் கடந்த சீமையிலிருந்து ஒரு கடிதம் வர மாதக்கணக்காகும். தாய்வீட்டுக் கடிதம் எலைசா அம்மாவுக்குச் சீக்கிரம் வந்திருக்கும், ஐயருக்கு அப்படி வந்திருக்காது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எனக்கு ஒரு ஆசை. கருப்பட்டி இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது.

எல்லாமே இப்படி இனிப்பாக இல்லை. 1849-இல் ஐயர் நாடார்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தன் சபைச் சனங்களையே வெளியிலிருந்து பார்த்து, அவர்கள் பூர்வீகத்தையும் குணத்தையும் தாழ்த்தி எழுதிய நூல் அது. பிற்காலத்தில் அதைப் படித்தவர்கள் கொதித்தார்கள். நாடார் கிறிஸ்தவரான சட்டம்பிள்ளை போன்றவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். ஐயர் அந்த நூலை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. சித்திக்கு இந்தக் கதை தெரியும். கல்லறைப் பக்கம் பார்த்து, "எங்க அப்பன் பாட்டன் பனையேறின காசும் சேர்ந்துதான் இந்தக் கோயில் எழும்புச்சு, அதையும் எழுதியிருக்கலாம்ல" என்றாள். அம்மா, "கோயிலுக்குள்ள வந்து சண்டை போடாதட்டீ" என்று அடக்கினாள். எனக்குச் சித்தி சொன்னது ஜெபமாகவே பட்டது. ஐம்பது வருஷம் இந்த மண்ணில் கிடந்து, 1877 பஞ்சத்தில் சனங்களோடு நின்ற மனுஷன் அதே சனங்களைப் பற்றி இப்படியும் எழுதினார். இரண்டும் ஒரே கைதான். ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றுக்கு மட்டும் என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை.

அம்மா எழுந்து பையைத் திறந்தாள். ஆல்டரைத் துடைத்துப் பூ வைக்க வந்திருந்த ஒரு வயசான அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வந்து, கேட்காமலே ரேந்தையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கைக்குட்டையை அவிழ்த்துக் குச்சிகளை எண்ணினார்.

"போர்டிங்ல படிச்ச கையி" என்றார்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "காணிக்கையா வச்சிட்டுப் போறேன்" என்றாள்.

"முடியாததை ஆல்டர்ல போட மாட்டாங்கம்மா. பெட்டியிலதான் கிடக்கும்." அந்த அம்மா விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இங்கன நூல் அறுந்திருக்கு. அதுக்கு மேல கண்ணு தெரியாமப் போட்டிருக்காங்க, தப்பு விழுந்திருக்கு. ஒரு சாண் பிரிச்சா நான் முடிச்சித் தந்துருவேன். இப்ப இங்க பின்னுறவங்க ரொம்ப இல்லை. எனக்குக் கையி மறக்கல."

பிரிக்க வேண்டுமென்றதும் அம்மா ரேந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்தக் கடைசி ஒரு சாண், ஆச்சி கண் தெரியாமல் தடவித் தடவிப் பின்னியது. நாங்கள் எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. தப்புத்தான். ஆனால் அது ஆச்சியின் தப்பு.

பெஞ்சில் உட்கார்ந்து அம்மா வெகுநேரம் யோசித்தாள். கோயில் குட்டியார் சாவியைக் குலுக்காமல் பொறுமையாக நின்றார். பக்கத்திலேயே இருக்கிற கால்டுவெல் ஐயர் வீட்டை, இப்போது அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்திருக்கிற வீட்டை, நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எலைசா அம்மா தன் ஏழு பிள்ளைகளோடு வாழ்ந்த ஊரில் அவர் நடமாடிய வீடு. 1883-இல் குடும்பம் தூத்துக்குடிக்குப் போகும்வரை நாற்பது வருஷத்துக் காற்றும் மண்ணும் இங்கேதான். வாசலில் நின்றபோது ஒன்றுதான் தோன்றியது: அவர் தன் அம்மாவிடம் படித்த வேலையை ஒரு எல்லை தாண்டிக் கொண்டுவராமல் இருந்திருந்தால், என் ஆச்சியின் கைக்கு அது வந்திருக்காது.

திரும்பி வந்தபோது அம்மா ரேந்தையை அந்த வயசான அம்மாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சாணுக்கு மேல பிரிச்சிராதீங்க."

"பிரிக்க மாட்டேன். இதே நூலு வேணுமே. ஒரு முனை அறுத்துத் தாரேன், பார்த்து வாங்கி அனுப்புங்க."

சித்தியின் உவரிப் பயணத்துக்கு முன்னால் திசையன்விளையில் மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடைக்காரர் அந்த நூல் முனையை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது இங்க கிடைக்காதுக்கா. நாகர்கோவில்ல கேட்டுப் பாருங்க."