மழையும் வெயிலும் படும் பெஞ்சுக்கு எந்த மரம்?

மொட்டைமாடியிலோ முற்றத்திலோ போட ஒரு பெஞ்சு வேண்டும் என்று மரவாடிக்குப் போனால், முதலில் காட்டுவது தேக்குதான். நல்ல மரம், சந்தேகமில்லை. ஆனால் அது எத்தனை வருடத்து மரம், அறுத்த பலகையில் வைரம் (மரத்தின் உள்ளே முற்றிய பகுதி) எவ்வளவு என்று பார்க்காமல் வாங்கினால், தேக்கு என்ற பேர் மட்டும் பெஞ்சைக் காப்பாற்றாது.

தேக்கின் எண்ணெய்ப்பசையும், கரையானை அண்டவிடாத டெக்டோகுவினோன் போன்ற சேர்மங்களும் இருப்பது பொன்பழுப்பு நிற வைரத்தில். அதைச் சுற்றியுள்ள வெளிர்மஞ்சள் பகுதியான வெளிறுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 15, 20 வருடத்திலேயே வெட்டும் தோட்டத் தேக்கில் வெளிறு அதிகம். எண்ணெயோ சாயமோ பூசி அடுக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு முனையில் இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிறம் தெரிந்தால் அந்தப் பலகை வீட்டுக்குள் போடும் அலமாரிக்கு ஆகும், வெளியே வேண்டாம். அடிமரத்தின் நட்டநடுவிலிருந்து அறுத்த துண்டையும் தள்ளிவிடுங்கள்; காய்ந்ததும் அது நீளவாக்கில் வெடிக்கும்.

என்னைக் கேட்டால் இதற்குச் சிறந்தது பழைய வீடு இடித்த மரம். காரைக்குடியின் பழைய பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு இன்னும் வருகிறது. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்பதால் இனிமேல் முறுக்குவது குறைவு. அறுக்கும் முன் ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரே ஒரு ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும். சுவருக்குள் இருந்த முனைகளில் நீரும் கரையானும் ஏறியிருக்கலாம். அரை அடி வெட்டிப் பார்த்து விலை பேசுங்கள்.

தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் வேங்கை. வலுவும் உழைப்பும் உண்டு. ஆனால் நனைந்தால் மஞ்சள் பழுப்பாகச் சாயம் இறங்கும். முதல் மழைக்காலத்தில் வெள்ளை டைல்ஸ் மீது போடாதீர்கள், வெள்ளை வேட்டியோடு உட்காராதீர்கள். பூவரசின் வைரமும் ஈரம் தாங்கும். படகு கட்டவே பயன்பட்ட மரம். நீளமான நேர்ப்பலகை கிடைப்பதுதான் கஷ்டம் என்பதால் ஸ்டூல், குட்டை மேசைக்கு வைத்துக்கொள்ளலாம். மாமரமும் ரப்பர் மரமும் மழை படும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

வாங்கும் மரம் காய்ந்ததா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டுங்கள். முனை எப்போதும் முன்னதாகக் காய்ந்துவிடுவதால் அது ஏமாற்றும். துண்டை எடைபோட்டு, ஓவனில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 100 கிராம் 89 ஆனால், குறைந்த 11-ஐ 89-ஆல் வகுக்க ஈரம் சுமார் 12 சதவீதம். இது நல்ல மரம். 20-க்கு மேல் என்றால் பூஞ்சைக்கே இடம் கொடுக்கும் ஈரம். நிழலில் கட்டைகொடுத்து அடுக்கிக் காற்றாட விடவேண்டும்.

அளவுக்கு வருவோம். ஐந்தடி நீளம், முதுகுச்சாய்வு இல்லாத பெஞ்சு: 3 அங்குலச் சதுரத்தில் 17 அங்குலக் கால்கள் நான்கு, 3 அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குலக் கனமும் உள்ள உட்காரும் பட்டைகள் ஐந்து, அதே குறுக்களவில் சட்டங்கள். மொத்தம் ஏறக்குறைய 1.3 கன அடி. கழிவோடு சேர்த்து ஒன்றேமுக்கால் கன அடி வாங்குங்கள். பட்டைகளுக்கு நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம். நெருக்கி அடித்தால் தண்ணீர் தேங்கும், மரம் ஊதும்போது ஒன்றையொன்று தள்ளும்.

அழுகல் பெரும்பாலும் காலின் அடியில்தான் தொடங்கும். நார் வெட்டுப்பட்ட முகம் ஸ்ட்ரா போலத் தண்ணீரை உறிஞ்சும். நான்கு அடிமுனைகளிலும் எபாக்ஸியை (இரண்டு பாகம் கலந்து போடும் பிசின்) இரண்டு கோட் ஊறவிட்டு, ரப்பர் குமிழ் அடியுங்கள். இரும்பு ஆணி துருப்பிடிப்பதோடு வேங்கையிலும் தேக்கிலும் கருங்கறையும் விடும். 304 தர ஸ்டெயின்லெஸ் திருகு போதும், கடலோர வீடென்றால் 316 தரம். சாதாரண வெள்ளைப் பசை மழையில் விட்டுவிடும். மரைன் வகைப் பசையோ எபாக்ஸியோ போடுங்கள். தேக்கில் ஒட்டுமுன் தின்னர் துணியால் துடைத்தால்தான் எண்ணெய்ப்பசை போய்ப் பிடிக்கும்.

பளபளக்கும் வார்னிஷ் நம் வெயிலில் வெடித்து உரியும், விரிசல் வழியே புகுந்த நீர் அடியில் சிக்கிக்கொள்ளும். தேக்கை அப்படியே விட்டாலும் சாம்பல் நிறமாகுமே தவிர உறுதி குறையாது. நிறம் வேண்டுமானால் வருடம் ஒருமுறை, மழைக்குமுன், நன்றாகக் காய்ந்த நாளில் தேய்த்துவிட்டு எண்ணெய் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்து மீந்ததைத் துடைத்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ வெளியில் விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்துங்கள்.